சின்னவர் நிலம்

நூறு வயதை எட்டித் தொடப்போகிற ஒரு மனிதரை இன்னமும் ‘சின்னவரு’ என்று கூப்பிடுகிற ஊர் ஈச்சங்கொல்லை ஒன்றாகத்தான் இருக்கும். பெரியவர் என்று ஒருவர் இருந்தார், அவருடைய அண்ணன். அவர் செத்து, அவர் பிள்ளைகள் பட்டணம் போய், ஜமீன் பங்களாவின் தலையில் ஆலங்கன்று முளைத்து, அந்தப் பங்களாவே இடிந்து தரையாகி ரொம்பக் காலம் ஆகிவிட்டது. சின்னவர் மட்டும் சின்னவராகவே இருந்தார். நெய்வேலி டவுன்ஷிப்பில் மகள் வீட்டு முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில், பல் இல்லாத வாயோடும் பாதிக் காதோடும் படுத்துக் கிடந்தார். பரமசிவம் என்பது அவர் பேர். அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று ஊரோடு ஒரு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டுப் பார்த்தார். ஒருத்தரும் கேட்கவில்லை.

அன்று காலை மகள் செந்தாமரை கொல்லைப் பக்கம் காயப்போட்ட வேட்டியை உதறிக்கொண்டிருந்தாள். சித்திரை மாதத்து வெயில் எட்டு மணிக்கே சுட்டது. எத்தனை உதறினாலும் வேட்டியில் பொடிக் கரி மிச்சம் இருந்தது. காற்று சுரங்கத்துப் பக்கமிருந்து அடித்தால் அப்படித்தான். உள் அறையில் அவள் புருஷன் வெங்கடேஷ், நைட் ஷிப்ட் முடிந்து வந்து, போர்வையைத் தலையோடு இழுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தனகோடியும் அவர் பெண்சாதி கனகமும். தனகோடி தோளில் ஒரு பை. அதில் என்ன இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். வருஷா வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கினால் முதல் பை சின்னவருக்கு வந்துவிடும். அவரால் மெல்ல முடியாது என்று தெரியும், அவித்து அரைத்துக் கொடுத்தால் குழந்தை மாதிரிச் சாப்பிடுவார் என்றும் தெரியும். கனகம் வெறுங்கையாக வந்திருந்தாள். ஆனால் முகத்தைப் பார்த்தால் ஒரு சண்டையை மடியில் கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

“வாங்கண்ணே, வாங்கண்ணி. ஃபேனு கீழ ஒக்காருங்க.”

தனகோடி செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றினார். அறுபதைத் தாண்டிய ஆள். எத்தனை தடவை சொல்லியும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடிந்ததில்லை. உள்ளே வந்து, சுவரோரம் தரையில் உட்கார்ந்து, கட்டிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சின்னவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“எழுந்திரிக்கலயா?”

“கூழு குடிச்சிட்டுத் திரும்பப் படுத்துட்டாருண்ணே. என்ன, ரெண்டு பேருமா வந்துருக்கீங்க?”

“நோட்டீசு வந்துடுச்சிம்மா” என்றார் தனகோடி. “நம்ம பக்கமும் சுரங்கத்துக்கு எடுக்கறாங்க. இத்தினி வருசமா வருது வருதுன்னாங்க, வந்துடுச்சி. வர பொதங்கெழம தாசில்தாரம்மா வயலுக்கே வராங்க. எந்த நெலம் யாருதுன்னு கேட்டு எழுதிகினு போவாங்களாம். பட்டாவுல யாரு பேரு கீதோ அவங்களுக்குத்தான் எல்லாம். மாத்து மனை, வூட்டுக்கு ஒரு பெர்மனென்ட் வேல, எல்லாமே.”

“உங்க நெலத்துக்கு?”

“உங்கப்பா பேர்லதான் கீது” என்று கனகம் முந்திக்கொண்டாள். “வேற யாரு பேர்ல இருக்கும்? இந்த மனுசன்தான வாயத் தொறந்து சொல்லி எழுதி வெச்சாரு. சொல்லு, எப்பிடிச் சொன்னன்னு அவங்க கிட்டயும் சொல்லு.”

தனகோடி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“நான் அப்ப எளவட்டம்மா. பட்டாவயெல்லாம் சரி பண்றோம்னு சர்வேயரு சங்கிலி புடிச்சிகினு வந்தாரு. எங்கப்பா மாடு ஓட்டிகினு ஏரிப் பக்கம் போயிருந்தாரு. ‘ஏம்ப்பா, இது யாரு நெலம்’னாரு. ‘சின்னவரு நெலம்ங்க’ன்னேன். வேற எப்பிடிச் சொல்றது? பொழுது விடிஞ்சா ‘சின்னவரு நெலத்துக்குப் போறேன்’னுதான வூட்ட வுட்டுக் கௌம்புவோம். பக்கத்துக் கழனிக்காரங்களும் அப்பிடித்தான் சொன்னாங்க. குடுத்த மனுசன் உசுரோட இருக்கும்போது எங்குளுதுன்னு சொல்ல நாக்கு வரலம்மா.”

“நாக்கு வரலயாம், நாக்கு. சோறு திங்க மட்டும் வந்துச்சி.”

“நீ சும்மா இரு கனகம்.”

“இத்தினி நாளு சும்மா இருந்துதான் இந்தக் கதி. கிஸ்தி கட்டுனது நாம. ரசீது அவரு பேர்ல. அதுவும் அவருக்குத் தெரிஞ்சா கோச்சிக்குவாருன்னு ஒளிச்சி ஒளிச்சி இல்ல கட்டுன.”

செந்தாமரைக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஊரில் ஒரு வரப்புக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு சாகிறான். இங்கே ஏழெட்டுக் குடும்பம் மரியாதை பார்த்துப் பார்த்தே கைக்கு வந்த நிலத்தைக் கொடுத்தவர் தலையிலேயே திருப்பிக் கட்டிவிட்டு, அது தெரியாமல் இத்தனை காலம் உழுதுகொண்டிருந்திருக்கிறது. இப்படி ஒரு தப்பைச் செய்யவும் ஈச்சங்கொல்லைக்காரர்களால்தான் முடியும்.

“இப்ப ஒரு பத்திரம் எழுதிட்டா?”

“நோட்டீசு போட்டப்புறம் எதையும் பதிய மாட்டாங்களாம். பதியறதா இருந்தாலும் ஆதாரு வேணும். அவருக்கு எங்க ஆதாரு கீது? ஓட்டுக் கூடக் கெடயாதே.” தனகோடி இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்தார். “ஆனா தாசில்தாரம்மா நல்ல மாதிரிம்மா. ஆபீசுல போயி அழுதோம். ‘பட்டாதாரர் வயலுக்கு வந்து, ஊருக்கு முன்னால, இந்த நெலம் இன்னாருதுன்னு வாயால சொல்லட்டும். நான் அனுபவ பாத்தியம் உங்களுதுன்னு எழுதி மேல அனுப்பறேன். கையெழுத்துக் கூட வாணாம்’னாங்க. ஒரு வார்த்த, அவ்ளோதாம்மா. அந்த ஒரு வார்த்தய சின்னவரு வந்து சொல்லணும்.”

கட்டிலில் சின்னவர் புரண்டு படுத்தார். மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது செந்தாமரைக்குத்தான் தெரியும். அப்பாவின் கதை அப்படி.

ஜமீனில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். குதிரை வண்டியில் பள்ளிக்கூடம் போனவர். படிக்கவேண்டிய வயதில், வெள்ளைக்காரனை வெளியே போகச் சொல்லி நாடே கிளம்பியபோது, நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு குள்ளஞ்சாவடி ரோட்டில் தந்திக் கம்பியை அறுத்தார். அதோடு நின்றிருந்தால் பிள்ளை விளையாட்டு என்று அப்பா போலீசில் பேசி முடித்திருப்பார். நேராக வீட்டுக்கு வந்து, குடியானவர்களுடைய பாக்கியெல்லாம் எழுதி வைத்திருந்த ஜமீன் கணக்குக் கச்சேரி அறைக்கே நெருப்பு வைத்தார். பெற்ற அப்பனே ‘அதோ, மாட்டுக் கொட்டாயில ஒளிஞ்சிருக்கான்’ என்று போலீசுக்குக் கை காட்டினார். கடலூர் ஜெயில், அப்புறம் அலிபுரம் ஜெயில். அங்கே பேர்கூடச் சொல்லாத ஒரு வடக்கத்திக் கைதி, ‘ஆள்கிறவன் மாறினால் போதாது, ஆள்வது என்பதே போகவேண்டும்’ என்று தினமும் ஓதிக் கொடுத்திருக்கிறார். அது இவருக்கு ரத்தத்தில் கலந்துவிட்டது. சுதந்திரம் வந்த அன்று ஊரெல்லாம் மிட்டாய் தின்றபோது இவர் மட்டும், ‘ஆளுதான் எழுந்து போயிருக்கான், நாக்காலி அங்கயேதான் இருக்குது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

பாகம் பிரிந்தது. அவர் பங்குக்கு வந்த நிலத்துக்கு, உழுதுகொண்டிருந்த குடும்பங்களை எல்லாம் ஒரு காலையில் வரச் சொன்னார். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. பத்திரம் என்றால் அரசாங்கம், அரசாங்கம் எழுதிக் கொடுத்ததை அரசாங்கமே அழிக்கும் என்பது அவர் கட்சி. ஆளுக்கு ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் வைத்தார். தனகோடியின் அப்பா நடுங்கிக்கொண்டே வாங்கியிருக்கிறார். ‘இது ஒனக்குச் சொந்தம்னு நான் குடுக்கல. மண்ணு யாருக்கும் சொந்தம் இல்ல. உழுதுகினு இரு, போதும்’ என்றாராம். அதைக் கேட்டவர்களுக்கு ‘உழுதுகினு இரு’ என்பது மட்டும்தான் விளங்கியது. அதுவே அவர்களுக்குப் பெரிய சொத்தாக இருந்தது.

அதற்குப் பிறகு குள்ளஞ்சாவடி முக்கூட்டில் சைக்கிள் கடை வைத்தார். ஜமீன் வாரிசு பஞ்சர் ஒட்டுவதைப் பார்க்கவே கொஞ்ச நாள் கூட்டம் கூடியது. ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணை, ஐயர் இல்லாமல், ரிஜிஸ்டர் இல்லாமல் கட்டிக்கொண்டார். அவள்தான் செந்தாமரையின் அம்மா. பாவம், அவள் பட்டது கொஞ்சமா? தியாகி பென்ஷன் தருகிறேன் என்று வந்த ஆபீசரை இவர் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு விரட்டினார். இன்னொரு ஆபீசர் புத்திசாலி, செப்புப் பட்டயத்தைக் கடை வாசலில் வைத்துவிட்டு ஓடிப்போனார். அம்மா அதை எடுத்துக் குழம்புச் சட்டிக்கு மூடியாக வைத்துக்கொண்டாள். ரேஷன் கார்டுக்கு, புருஷன் வீட்டில் இல்லை என்று பொய் சொல்லித் தன் பேரில் எழுதி வாங்கினாள். நெருக்கடி காலத்தில் மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியே வந்தவர், வெள்ளைக்காரன் போட்ட களிக்கும் இவன் போட்ட களிக்கும் உப்புகூட வித்தியாசம் இல்லை என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு. வீட்டில் உலை வைக்க அம்மா யார் யார் வீட்டு வாசலில் நின்றாள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அப்பாவை நினைத்தால் செந்தாமரைக்குப் பெருமை பொங்கும். அதே மூச்சில், ஓங்கி ஒரு அறை விடலாமா என்று கோபமும் பொங்கும். இரண்டும் சேர்ந்துதான் அவளுக்கு அப்பா.

தனகோடியும் கனகமும் கருவாட்டுக் குழம்போடு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். கேட்டுக்குப் போன கனகம் திரும்பி வந்து செந்தாமரையின் கையைப் பிடித்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை.

“தாமர, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. ஒனக்கு மனசு ஒத்து வருதா? பட்டா உங்கப்பா பேர்ல இருந்தா நாளைக்கி ஒனக்குத்தான வரும்.”

“அண்ணி, அந்தச் சோத்த நான் திம்பனா?”

“திங்க மாட்ட. ஆனா பசின்னு ஒண்ணு இருக்குதில்ல” என்று சொல்லிவிட்டுக் கனகம் நடந்தாள்.

வெங்கடேஷ் எழுந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். தூங்குகிற மாதிரி இருந்தாரே தவிர, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முதல் உருண்டை குழம்பில் புரண்டுகொண்டே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

வெங்கடேஷ் கெட்ட மனுஷர் இல்லை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மாமனாரைத் தினமும் குளிப்பாட்டுவதும், முதுகில் புண் வராமல் பவுடர் போட்டுவிடுவதும் அவர்தான். பெற்ற பிள்ளைகூடச் செய்யாததைச் செய்கிற மனுஷனிடம் சட்டென்று கோபப்படவும் முடியாது.

“தாமரை, வைகாசியோட எனக்கு சர்வீஸ் முடியுது. இந்த குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். தெரியும்ல?”

“தெரியும்.”

“இனியன் எத்தனை வருஷமா காண்ட்ராக்ட்ல கிடக்கான்? பொண்ணு பாக்கப் போனா முதல் கேள்வியே பெர்மனென்டான்னுதான். நிலம் கொடுத்தவங்க வீட்டுக்கு ஒரு வேலைங்கறாங்க. பேப்பர்படி பாத்தா நாமதான் நிலம் கொடுத்தவங்க.”

“என்னங்க பேசறீங்க?”

“நான் மாமாவைப் பொய் சொல்லச் சொன்னேனா? யாரையும் ஏமாத்தச் சொன்னேனா? சும்மா இருன்னுதான் சொல்றேன். புதன்கிழமை அவருக்கு உடம்பு சரியில்லைன்னா சரியில்லை. சும்மா இருக்கறது ஒரு தப்பா?”

“அவங்க ஏழெட்டுக் குடும்பங்க.”

“நம்மளும் ஒரு குடும்பம்தான தாமரை” என்றார் வெங்கடேஷ். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அவள் ரசம் ஊற்றினாள். ஊற்றும்போதே மகன் இனியன் பெர்மனென்ட் ஆளாக யூனிபார்ம் போட்டுக்கொண்டு பைக்கைக் கிளப்புகிற மாதிரி ஒரு காட்சி மனதில் வந்து போனது. வந்தது தப்பு. வந்ததும் அதை அவள் உடனே துரத்தவில்லை, அது இன்னும் தப்பு. சீ, இதுவும் ஒரு புத்தியா என்று அடுப்படிக்குப் போய், தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

சாயங்காலம் அப்பாவை எழுப்பி உட்காரவைத்து, தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து, அவித்த மல்லாட்டையை மிக்சியில் அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். நல்ல காதுப் பக்கம் வாயை வைத்து விஷயத்தைச் சொன்னாள். சர்வேயர், பட்டா எல்லாம் பாதிதான் ஏறியது. தாசில்தார் என்ற சொல் மட்டும் பளிச்சென்று ஏறிவிட்டது.

“கவர்மென்ட்டு முன்னால நான் போயி நிக்க மாட்டேன்.”

“நீ போக வேணாம்ப்பா. அவங்கதான் வயலுக்கு வராங்க. நீ ஒன் நெலத்துல—”

“என் நெலம் இல்ல.”

செந்தாமரைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். “அதத்தாம்பா! அதத்தான் அங்க வந்து சொல்லணும். ‘என் நெலம் இல்ல, தனகோடியோட நெலம், இவங்களோட நெலம்’னு. அவ்ளோதான். கையெழுத்து இல்ல, ஒண்ணும் இல்ல.”

“தனகோடி ஆரு?”

“ஒன் கையால மண்ணு வாங்கனாரே, அவரு மவன்ப்பா. இப்ப நீ திங்கற மல்லாட்ட அவரு கொண்டாந்ததுதான்.”

அவர் கொஞ்ச நேரம் வாயில் இருந்ததைச் சப்பிக்கொண்டே யோசித்தார். “நான் சொல்லலன்னா?”

“அவங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. நெலமும் இல்ல, மனையும் இல்ல. நடுத்தெரு.”

அவர் கண்ணில் தண்ணீர் கட்டியது. வயதானால் சும்மாவே கட்டும், ஆனால் இது அது இல்லை என்று மகளுக்குத் தெரிந்தது. “அந்த எழவெடுத்தவனுங்க முன்னால சொல்லித்தான் ஆவணுமா? சரி. சொல்றேன். தனகோடிக்காவ சொல்றேன்” என்றார். தொண்ணூற்றுச் சொச்சம் வருஷத்தில் அரசாங்கத்தின் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல அவர் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். செந்தாமரை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவருக்கு அது பிடிக்காது, கையை இழுத்துக்கொண்டார்.

அப்புறம் தினமும் காலையில் கேழ்வரகுக் கூழ் கொடுக்கும்போது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரிக் கேட்பாள். “அந்த நெலம் யாருதுப்பா?” அவர் கூழை விழுங்கிவிட்டு, “என்னோடது இல்ல, தனகோடியோடது” என்பார். ஒரு நாள்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

புதன்கிழமை வெங்கடேஷ் லீவு போட்டார். போடமாட்டார் என்றுதான் செந்தாமரை நினைத்திருந்தாள். கூட வேலை பார்க்கிற ஒருவரிடம் ஆம்னி வண்டியை இரவல் வாங்கிவந்து, மாமனாரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிப் பின் சீட்டில் வைத்தார். மனசுக்குள் என்ன இருந்ததோ, கைகள் பதனமாகத்தான் தூக்கின. டவுன்ஷிப் மரங்களைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. ஒரு பக்கம் தோண்டிக் கொட்டிய மண் மலைமலையாக நின்றது. மண்ணைக் கொண்டுபோகிற பெல்ட் ஓடுகிற சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

“இது என்னா மல? இங்க மல இல்லயே” என்றார் அப்பா.

“அது மல இல்லப்பா. சுரங்கத்து மண்ணு.”

“யாரு அள்ளிக் கொட்டனது?”

அவள் அவர் தலைத் துண்டைச் சரிசெய்தாள்.

ஈச்சங்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எது வந்தாலும் முற்றிய பயிர் காத்திருக்காது. பெண்கள் வரிசையாகக் குனிந்து, ஈரம் காய்வதற்குள் செடியைப் பிடித்து இழுத்து, மண்ணை உதறி, வேர் மேலே பார்க்கிற மாதிரிக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே போனார்கள். வேரோடு கொத்துக் கொத்தாக வெள்ளைக் காய்கள். கனகம் அந்த வரிசையில் இருந்தாள், வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். வயலின் தெற்குத் தலையில் மண் தோண்டுகிற மஞ்சள் எந்திரம் ஒன்று, ஓடாமல், நிழலில் டிரைவரோடு காத்திருந்தது.

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். தாசில்தாரம்மா சின்ன வயசுக்காரி. கிராம நிர்வாக அலுவலர் குடையைப் பிடிக்க வந்ததை வேண்டாம் என்று தள்ளிவிட்டு நின்றிருந்தாள். ஊர் முழுக்க இருந்தது. சின்னவரை வெங்கடேஷ் தூக்கிக்கொண்டு வந்ததும் ஒரே அடியாக எல்லார் தோளிலிருந்தும் துண்டு இடுப்புக்கு இறங்கியது. கிழவர் நாற்காலியைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். கீழே, மண்ணில் உட்காரவைக்கச் சொன்னார். செந்தாமரை பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். அவர் கை தானாகத் தரையைத் தடவி, பிடுங்கிய குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வைத்துக்கொண்டது.

தாசில்தாரம்மா அவர் எதிரே குந்தினாள். இத்தனை மரியாதை தெரிந்த ஆபீசரை அவர் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார்.

“அய்யா, நீங்க பரமசிவம்தானே?”

“ஆமா.”

“இந்த நிலம் உங்க பேர்ல இருக்கு. உண்மையில இது யாரோட நிலம்? நீங்களே சொல்லுங்க.”

தனகோடி கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி நின்றார். கிழவர் சுற்றிலும் பார்த்தார். குனிந்திருக்கிற பெண்களை, கவிழ்த்துப் போட்ட செடிகளை, தெற்கே நிற்கிற எந்திரத்தை, அதற்கும் அப்பால் புதிதாக முளைத்த மலையைப் பார்த்தார். அவர் முதுகு நேராவதை அவள் நெஞ்சில் உணர்ந்தாள். கண் தெளிந்துவிட்டது. நல்லாச் சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

“யாருதும் இல்ல.”

“அப்பா! தனகோடியோடதுன்னு—”

“நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாதும்மா” என்று தாசில்தார் கையைக் காட்டித் தடுத்தாள். “அய்யா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவங்களுக்கு நீங்க கொடுத்துட்டீங்களா? இது இவங்களோடதா?”

“எங்கப்பன் கேட்டான், இதத்தான் சொன்னேன். வெள்ளக்காரன் கேட்டான், இதத்தான் சொன்னேன்.” பல வருஷமாக மகள் வீட்டில் கேட்காத குரல், சைக்கிள் கடையில் கேட்ட பழைய குரல், கணீரென்று வந்தது. “மண்ணு யாருதும் இல்ல. ஒனக்கு எடுக்க உரிம இல்ல. எனக்குக் குடுக்க உரிம இல்ல. உழறவன் உழுவான், அறுக்கறவன் அறுப்பான். யாரோடதுன்னு கேக்கறதே தப்பு. எழுதிக்க.”

கூட்டத்தில் ஒரு வயசானவர் கையெடுத்துக் கும்பிட்டார். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பெருமையில் துடைத்தார்களா, நிலம் போனது விளங்கிப்போய்த் துடைத்தார்களா, தெரியவில்லை. செந்தாமரைக்கு ஓவென்று கத்தவேண்டும் போல இருந்தது. இந்த வார்த்தையைச் சொல்லவா ஜெயிலுக்குப் போனாய், இந்த வார்த்தையைச் சொல்லவா அம்மாவைக் கொன்றாய் என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. சாய்ந்திருந்த அந்த எலும்புக் கூட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் கையை எடுக்க முடியவில்லை.

“எங்க நெலம்!”

எல்லாரும் திரும்பினார்கள். கனகம் பிடுங்கிய செடியோடு வரப்பேறி வந்தாள். “எங்க நெலம், எழுதும்மா. எம் மாமனாரு ஒழச்ச நெலம், நான் வாக்கப்பட்டு வந்த நாளுலேர்ந்து குனிஞ்ச நெலம். அவரு பேசறது வேற பேச்சு. நீ எழுது.”

தாசில்தாரம்மா எழுந்தாள். அவள் முகத்திலும் ஒரு பதைப்பு. “பட்டாதாரர் கொடுத்ததாச் சொல்லலையேம்மா. சரி, உங்க வீட்டுக்காரர் பேர்லதானே கிஸ்தி கட்டியிருக்கு?”

“அவரு பேர்ல இல்ல. சின்னவரு பேர்ல.”

தாசில்தாரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தனகோடியிடம் வந்தாள். “பெரியவரே, நீங்களாவது வாயைத் திறந்து சொல்லுங்க. இது என் நிலம், அவர் சொல்றது சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆட்சேபணைன்னு எழுதிக்கறேன். அதையாவது வெச்சு மேல பேசலாம்.”

தனகோடி சின்னவரைப் பார்த்தார். மண்ணில் உட்கார்ந்து, கையில் மண்ணோடு, இளவட்டம் மாதிரி நிமிர்ந்திருந்த சின்னவரைப் பார்த்தார். பெண்சாதியைப் பார்த்தார்.

“சொல்லு” என்றாள் கனகம். “தோ பாரு, எம் மூஞ்சப் பாத்துகினு சொல்லு.”

“சின்னவரு சொன்னா...” தனகோடிக்குக் குரல் உடைந்தது. “சின்னவரு சொன்னா சரியாத்தாங்க இருக்கும்.”

கனகம் திரும்பி நடந்தாள். கையிலிருந்த செடியைக் கொண்டுபோய், மற்ற செடிகளோடு, வேர் மேலே பார்க்கிற மாதிரிக் கவிழ்த்துப் போட்டாள். குனிந்து அடுத்த செடியைப் பிடித்தாள்.

தாசில்தாரம்மா எழுதவேண்டியதை எழுதினாள். பட்டாவில் இருந்ததைத்தான் எழுத முடிந்தது. போகும்போது செந்தாமரையிடம், “நீங்க ஒரே பொண்ணா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, உடம்பில் எங்கேயோ ஒரு மூலையில், ஒரு பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது. அதுதான் அவளை அழவைத்தது. அந்த நிலம் தன் மடியில் வந்து விழுந்துவிட்டது என்றும், இனி வீட்டுக்குப் போய் வெங்கடேஷிடமும் இனியனிடமும் அதை எடுத்துத் திரும்பக் கொடுக்கச் சொல்லும் தெம்பு தனக்கு இல்லை என்றும் அங்கேயே, அந்த வேப்பமரத்தடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னாலும், வேலையை எப்படிப் பிட்டுக் கொடுப்பது? கனகம் சொன்னது சரி. பசி என்று ஒன்று இருக்கிறது.

வண்டி கிளம்பும்போது தனகோடி ஓடிவந்தார். கையில் மண் ஒட்டிய பை.

“இப்பப் புடுங்கனதும்மா. எளங்காயி. சின்னவருக்கு அவிச்சி அரைக்க நல்லா இருக்கும்.”

“வேணாம்ணே. அண்ணே, வேணாம்.”

“அவரு பங்கும்மா” என்று சொல்லிவிட்டு மடியில் வைத்துவிட்டார். வாங்கவும் முடியாமல், தள்ளவும் முடியாமல், அவள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயலில் ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெங்கடேஷ் பள்ளம் பார்த்து, கிழவருக்கு அலுங்காமல், மெதுவாக ஓட்டினார். கண்ணாடியில் ஒரு தடவை மனைவியைப் பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை. சுரங்கத்து மண்மலை மறுபடியும் வந்தது. அப்பாவின் தெளிவெல்லாம் போய், உடம்பு மறுபடியும் அவள் தோளில் சரிந்திருந்தது. கையிலிருந்த மண் விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அவள் புடவையில் கொட்டிக்கொண்டிருந்தது.

“தாமர.”

“என்னப்பா?”

“சரியாச் சொன்னனா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்ட பாடத்தை ஒப்பித்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியாத்தாம்பா சொன்ன.”

“தனகோடிக்கி இனிமே ஒரு கவலயும் இல்ல” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.